வைரசின் எழுத்தைப் படிப்பவர்கள்

பல வருடங்களுக்கு முன் ஒரு மாணவிக்கு நான் பிழையான ஆலோசனை சொன்னேன். அதை இந்த மலரில் எழுதிவைக்க வேண்டும் என்று கன நாளாக நினைத்திருந்தேன்.

உயர்தரப் பெறுபேறு வெளியான நேரம் அது. உயிரியல் பிரிவில் மூன்று பாடங்களிலும் அவள் நன்றாகச் சித்தியடைந்திருந்தாள். ஆனால் மருத்துவ பீடத்துக்குப் போதுமான இசட் புள்ளி கிடைக்கவில்லை. உம்மாவையும் கூட்டிக்கொண்டு ஆசிரியர் ஓய்வறைக்கு வந்தாள். கையில் பல்கலைக்கழக அனுமதிக் கைந்நூல் இருந்தது.

"டீச்சர், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் என்டு ஒன்டு இருக்கு. அதைப் போடட்டா?"

"இரத்தமும் சிறுநீரும் சோதிக்கிற வேலைதானே பிள்ளை. அதுக்காக அவ்வளவு தூரம் போய் விடுதியில நிக்கணுமா?" என்றேன்.

உம்மாவின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. பிள்ளையின் முகத்தை நான் கவனிக்கவில்லை. அவள் அந்தப் பாடநெறிக்கு விண்ணப்பிக்கவில்லை.

2020, 2021 ஆம் ஆண்டுகளில் வீட்டில் அடைபட்டிருந்தபோது என் வார்த்தைகள் என்னையே குத்தின. நாடு முழுவதும் ஆய்வுகூட முடிவுகளுக்காகக் காத்திருந்த காலம் அது. "இரத்தம் சோதிக்கிற வேலை" என்று நான் இளப்பமாகச் சொன்ன அந்த வேலைதான் எந்த ஊரைத் திறப்பது, எந்த ஊரை மூடுவது என்பதற்கே அடிப்படையாக இருந்தது. அந்தக் காலத்தில் அடிக்கடி செய்திகளில் வந்த ஒரு பெண் விஞ்ஞானியைப் பற்றியும் அவர் செய்யும் வேலையைப் பற்றியும் இந்தக் கட்டுரையில் சொல்லப்போகிறேன். மாணவிகளைப் போலவே பெற்றோரும் இதை வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

யார் இவர்?

பேராசிரியர் நீலிகா மலவிகே ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழக மருத்துவ விஞ்ஞான பீடத்தில் நிர்ப்பீடனவியல், மூலக்கூற்று மருத்துவத் துறையைச் சேர்ந்தவர். முதலில் மருத்துவரானார். பின்னர் இங்கிலாந்தின் ஒக்ஸ்பர்ட் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். வெளிநாட்டிலேயே தங்கிவிடாமல் நாடு திரும்பி இங்கே ஒரு ஆராய்ச்சிக் குழுவைக் கட்டியெழுப்பினார். கொவிட் காலத்தில் இலங்கையில் பரவிய வைரசின் ஜீனோமை, அதாவது மரபணுத் தொகுதியை, வரிசைப்படுத்தி எந்த வகை வைரஸ் எங்கே பரவுகிறது என்று நாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அந்தக் குழுதான். அவரோடு சேர்ந்து இதை முன்னின்று நடத்தியவர் டொக்டர் சந்திம ஜீவந்தர.

கொவிட் வந்த பிறகு திடீரென்று தொடங்கிய வேலை அல்ல இது. இதற்குப் பின்னால் நீண்ட காலத் தயாரிப்பு இருந்தது. அதைச் சொல்வதற்கு முன், வரிசைப்படுத்தல் என்றால் என்ன என்று விளங்கிக்கொள்வோம்.

பார்த்தெழுதிய பிழைகள்

ஆசிரியர்களுக்கு இது பழக்கமான விஷயம். "புத்தளம் களப்பில் உப்பு விளைகிறது" என்று கரும்பலகையில் எழுதுகிறேன். முதல் வரிசையில் ஒரு பிள்ளை "கழப்பில்" என்று எழுதிவிடுகிறாள். அவளைப் பார்த்து எழுதிய நான்கு பேரும் "கழப்பில்" என்றே எழுதுகிறார்கள். அந்த நால்வரில் ஒருத்தி "விளைகிறது" என்பதை "விலைகிறது" ஆக்கிவிடுகிறாள். அவளைப் பார்த்து எழுதியவர்களிடம் இரண்டு பிழைகளும் இருக்கும். கொப்பிகளைத் திருத்தும்போது யார் யாரைப் பார்த்தெழுதினார்கள் என்று நான் யாரிடமும் விசாரிக்கத் தேவையில்லை. பிழைகளே சொல்லிவிடும்.

வைரசும் இப்படித்தான். நமது உடலின் கலத்துக்குள் புகுந்து தன்னைத் தானே பிரதி எடுக்கும்போது இடைக்கிடை எழுத்துப் பிழை விடுகிறது. அந்தப் பிழையைத்தான் நாங்கள் வகுப்பில் விகாரம் என்கிறோம். கொவிட் வைரசின் மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய 30,000 எழுத்துக்கள் உண்டு. டெங்கு வைரசில் சுமார் 10,700. மனிதனுக்கோ ஏறக்குறைய 300 கோடி. கொவிட் வைரஸ் ஒரு பரம்பரையில் மாதத்துக்குச் சுமார் இரண்டு எழுத்து என்ற வேகத்தில் மாறிவந்தது. நோயாளியின் மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் உள்ள எழுத்துக்களை முழுவதுமாக வாசித்துவிட்டால், அந்த வைரஸ் எந்தக் கிளையைச் சேர்ந்தது, யாரிடமிருந்து எந்தப் பக்கமாக வந்தது என்று கொப்பி திருத்துவது போலவே கண்டுகொள்ளலாம்.

வாசிப்பது எப்படி? முதலில் மாதிரியிலிருந்து வைரசின் ஆர்என்ஏயைப் பிரித்தெடுப்பார்கள். ஆர்என்ஏ எளிதில் சிதைந்துவிடும். ஆகவே ஒரு நொதியத்தின் உதவியால் அதை டிஎன்ஏ ஆக மாற்றுவார்கள். பிறகு பிசிஆர் முறையில் பெருக்குவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அது இரட்டிப்பாகும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, 30 சுற்று முடியும்போது ஒரு பிரதி 100 கோடியைத் தாண்டிவிடும். அதன் பின்னர் சிறு துண்டுகளாக இயந்திரத்துக்குக் கொடுப்பார்கள்.

பெரிதும் பயன்படும் ஒரு முறையில், இந்தத் துண்டுகள் கண்ணாடித் தகடு ஒன்றில் ஒட்டப்படுகின்றன. துண்டுக்கு எதிரே புதிய எழுத்துக்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும். அவற்றில் ஒளிரும் சாயம் பூசியிருக்கும். எந்த நிறம் ஒளிர்கிறது என்று கமரா படம் பிடிக்க, எந்த எழுத்து வந்தது என்று கணினி குறித்துக்கொள்ளும். ஒரே நேரத்தில் கோடிக்கணக்கான துண்டுகள் இப்படி வாசிக்கப்படும். கடைசியில், கிழிந்த புத்தகத்தின் தாள்களை வரிப்பொருத்தம் பார்த்து ஒட்டுவது போல, கணினி அவற்றை ஒழுங்காக அடுக்கிவிடும்.

இந்த முறையை உருவாக்கிய இருவரில் ஒருவர் சங்கர் பாலசுப்பிரமணியன். 1966 இல் சென்னையில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்து சென்று வளர்ந்தவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டேவிட் கிளெனர்மனோடு சேர்ந்து 1990களின் பிற்பகுதியில் இந்த யோசனையை வளர்த்தெடுத்தார். அதற்கு முன் மனித ஜீனோமை வாசிக்க 1990 முதல் 2003 வரை பல நாடுகள் சேர்ந்து உழைக்க வேண்டியிருந்தது. இன்று ஒரு மனிதரின் ஜீனோமை ஓரிரு நாட்களில் வாசித்துவிடலாம்.

டெங்கு வளர்த்த குழு

இயந்திரத்தைக் காசு கொடுத்து வாங்கலாம். அதைக் கையாளவும், வரும் முடிவைப் புரிந்துகொள்ளவும் தெரிந்தவர்களைக் கடையில் வாங்க முடியாது. இலங்கையில் அப்படிப்பட்டவர்கள் உருவாவதற்குக் காரணமாக இருந்தது நம் எல்லோர் வீட்டுக்கும் தெரிந்த ஒரு நோய். அதுதான் டெங்கு.

2017 ஆம் ஆண்டை நமது பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஒரு வருடத்தில் மட்டும் இலங்கையில் 186,101 பேர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். என் இளைய மகனும் அவர்களில் ஒருவன். காய்ச்சல் விட்டதும் சுகமாகிவிட்டது என்று நினைத்தோம். வைத்தியசாலைத் தாதியோ, "இனித்தான் கவனமாகப் பார்க்கணும்" என்றார். மணிக்கணக்காக நீர் அளந்து கொடுத்தார்கள், சிறுநீர் அளந்து எழுதினார்கள், திரும்பத் திரும்பக் குருதி எடுத்தார்கள். காய்ச்சல் விட்ட பிறகு ஏன் ஆபத்து என்று உயிரியல் படிப்பிக்கும் எனக்கே அன்று சரியாகத் தெரியாது.

நீலிகா மலவிகேயின் ஆராய்ச்சி இந்தக் கேள்வியைச் சுற்றியே பல வருடங்களாக நடந்தது. டெங்கு வைரசில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை வந்து சுகமானால் அந்த வகைக்கு எதிரான பாதுகாப்பு நிலைத்திருக்கும். ஆனால் பின்னொரு காலத்தில் வேறு வகை தொற்றும்போது நோய் கடுமையாகும் வாய்ப்புக் கூடுகிறது. சிலருக்குக் குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசிகிறது. காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் இந்தக் கசிவு பெரும்பாலும் தொடங்குகிறது. தாதி சொன்னதன் பொருள் இதுதான். இந்தக் கசிவு யாருக்கு, ஏன் ஏற்படுகிறது, அதைத் தடுக்க முடியுமா என்று அவரது குழு ஆராய்ந்தது. ஒவ்வாமைக்குக் கொடுக்கும் ருப்பற்றடீன் என்ற மருந்து இதற்கு உதவுமா என்று இலங்கை நோயாளிகளிடமே ஒழுங்கான பரிசோதனை ஒன்றையும் நடத்தினார்கள்.

அதோடு, எந்த வருடத்தில் எந்த வகை டெங்கு பரவுகிறது என்பதையும் தொடர்ந்து பார்த்துவந்தார்கள். 2017 இன் பெரும் பரவலுக்குக் காரணம் இரண்டாம் வகை. மக்களுக்குப் பழக்கமில்லாத வகை தலைதூக்கும்போது பெரும் பரவல் வரும் என்பதால், வகை மாறுவதை முன்கூட்டியே கண்டுகொள்வது மிக முக்கியம்.

ஆக, 2020 இல் கொவிட் வந்தபோது மாதிரி எடுக்கவும், ஆர்என்ஏ பிரிக்கவும், எழுத்துக்களை ஒப்பிடவும் தெரிந்த ஒரு குழு ஏற்கெனவே இங்கே இருந்தது. டெங்கை நம்பித் தங்கள் இளமையைக் கொடுத்த ஆராய்ச்சி மாணவர்களின் கைகள்தான் கொவிட் மாதிரிகளையும் கையாண்டன.

மீன் சந்தையிலிருந்து வந்த செய்தி

2020 ஒக்டோபரில் மினுவாங்கொடையில் ஆடைத் தொழிற்சாலையிலும் அதைத் தொடர்ந்து பேலியகொடை மீன் சந்தையிலும் பெரும் தொற்று கண்டுபிடிக்கப்பட்டதை நம் கரையோரத்தில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. பேலியகொடை மூடப்பட்டதும் பிடித்த மீனை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் மீனவர்கள் தவித்தார்கள். அப்போது எல்லோர் மனதிலும் இருந்த கேள்வி, இது ஏப்ரலில் இருந்த பழைய வைரஸ்தானா, இல்லை வேறொன்றா என்பதுதான்.

ஜயவர்தனபுர ஆய்வுகூடம் எழுத்துக்களை வாசித்துப் பதில் சொன்னது. பழையதல்ல, வேறு கிளை. பின்னர் அந்தக் கிளைக்கு பி.1.411 என்று பெயர் வந்தது. இலங்கையில் பெரிதும் பரவிய கிளை என்பதால் அதை இலங்கைக் கிளை என்றே ஆய்வாளர்கள் அழைத்தார்கள். 2021 சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு அல்பா பரவியதையும், ஜூன் மாதத்தில் கொழும்பு தெமட்டகொடையில் டெல்டா சமூகத்துக்குள் வந்துவிட்டதையும் கண்டுசொன்னவர்களும் இவர்களே. நம்மில் பலர் போட்டுக்கொண்ட சினோபாம் தடுப்பூசி இலங்கையர் உடலில் எவ்வளவு நிர்ப்பீடனத்தை உண்டாக்குகிறது என்றும் அளந்து வெளியிட்டார்கள்.

அந்தக் காலத்தைப் பற்றி எழுதும்போது இன்னொன்றைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை கொவிட்டினால் மரணித்தவர்களின் ஜனாஸாக்களை அடக்கம் செய்ய அனுமதி இருக்கவில்லை. நிலத்தடி நீரில் வைரஸ் கலந்துவிடும் என்று சொல்லப்பட்டது. வைரஸ் உயிருள்ள கலத்துக்குள் மட்டுமே பெருகக்கூடியது. 2003 இல் சார்ஸ் நோய்க்கான வைரசைக் கண்டுபிடித்த குழுவின் தலைவரும் இலங்கையில் பிறந்தவருமான பேராசிரியர் மலிக் பீரிஸ் போன்றவர்கள் அதை எடுத்துச் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனமும் அடக்கம் செய்யலாம் என்றே சொன்னது. அந்த மாதங்களில் வீட்டு வாசலில் நின்று என்னிடம் விளக்கம் கேட்ட அயலவர்களுக்கு நான் தெரிந்த மட்டும் பதில் சொன்னேன். ஆனால் என் வார்த்தை யாரிடம் எடுபடும்? இந்தத் துறையில் ஆழமாகப் படித்து, ஆய்வுகூடத்தில் நின்று, கையில் ஆதாரத்தோடு பேசக்கூடியவர்கள் எத்தனை பேர் நம் ஊரில் இருக்கிறார்கள் என்று அப்போது எண்ணிப்பார்த்தேன். எனக்கு அந்தப் பழைய மாணவியின் நினைவு வந்தது.

பதினாறு வயதில் பள்ளியை விட்டவர்

இங்கிலாந்தில் இதே வேலையைப் பெரிய அளவில் நடத்தியவரும் ஒரு பெண்தான். பெயர் ஷரோன் பீக்கொக். அவரது வாழ்க்கையை இங்கே சொல்லக் காரணம் உண்டு. அவர் பதினொரு வயதுப் போட்டிப் பரீட்சையில் தோற்றவர். பதினாறு வயதில் பாடசாலையை விட்டு விலகி மூலைக்கடை ஒன்றில் வேலை செய்தார். பிறகு பல் வைத்தியரின் உதவியாளரானார். அதன்பின் தாதிப் பயிற்சி பெற்றார். தாதியாக இருந்துகொண்டே விட்ட படிப்பைத் தொடர்ந்து, சவுத்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் 1988 இல் மருத்துவரானபோது அவருக்கு முப்பது வயது நெருங்கியிருந்தது. பல வருடங்கள் தாய்லாந்தில் இருந்து பற்றீரியா நோய்களை ஆராய்ந்தார். 2020 இல் கொவிட் ஜீனோம்களை வாசிக்க இங்கிலாந்து அமைத்த தேசியக் கூட்டமைப்புக்குத் தலைமை தாங்கினார். இலட்சக்கணக்கான வைரஸ் ஜீனோம்களை அது வாசித்து உலகத்தோடு பகிர்ந்துகொண்டது.

ஒரு பரீட்சையோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கும் பிள்ளைகளுக்கும், அப்படி நினைக்கவைக்கும் எங்களுக்கும் இந்த வாழ்க்கை ஒரு பதில்.

பெற்றோருக்கும் மாணவிகளுக்கும்

இப்படிப்பட்ட ஆய்வுகூடத்தில் எல்லோரும் மருத்துவர்கள் அல்ல. மாதிரிகளைக் கையாள்பவர் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படித்தவராக இருக்கலாம். பிசிஆர் செய்பவர் மூலக்கூற்று உயிரியலோ உயிரிரசாயனமோ படித்தவராக இருக்கலாம். எழுத்துக்களைக் கணினியில் அடுக்குபவர் கணிதத்திலும் கணினியிலும் தேர்ந்தவராக இருக்கலாம். அது மேசையில் இருந்து செய்யும் வேலை.

மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானப் பட்டப்படிப்பு பேராதனை, யாழ்ப்பாணம், ஸ்ரீ ஜயவர்தனபுர, ருகுணு பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. உயிரியல் விஞ்ஞானப் பட்டப்படிப்புகள் இன்னும் பல இடங்களில் உண்டு. நமது வடமேல் மாகாணத்திலேயே வயம்ப பல்கலைக்கழகம் இருக்கிறது. விஞ்ஞானப் பாடநெறிகளுக்கு மாணவர்களைத் தெரிவு செய்யும்போது கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கென்று ஒதுக்கும் 5 வீதத்தில் புத்தளமும் சேர்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஒரு சிரமத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். உயர்தரம் வரை நாங்கள் தமிழில் படிப்பிக்கிறோம். பல்கலைக்கழகத்தில் விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும். முதல் வருடத்தில் பல பிள்ளைகள் மனம் சோர்ந்துபோவது இதனால்தான், பாடம் கடினம் என்பதால் அல்ல. ஆகவே பன்னிரண்டாம் தரத்திலிருந்தே உயிரியல் பாடத்தின் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் பக்கத்தில் அதன் ஆங்கிலச் சொல்லையும் எழுதிப் பழகுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும்.

இந்தப் படிப்பு கொழும்புக்கு மட்டும் உரியதென்றும் நினைக்க வேண்டாம். 1990களில் நமது மாவட்டத்தின் இறால் பண்ணைகளை அழித்த வெள்ளைப்புள்ளி நோய் நினைவிருக்கிறதா? அதுவும் ஒரு வைரஸ்தான். இறால் குஞ்சுகளைக் குளத்தில் விடுவதற்கு முன் இன்று செய்யும் சோதனையும் அதே பிசிஆர்தான். மனிதருக்கு வரும் டெங்கு முதல் இறாலுக்கு வரும் நோய் வரை, இந்தக் கரையிலேயே இந்தப் படிப்புக்கு வேலை இருக்கிறது.

பெற்றோரின் பயம் எனக்குத் தெரியும். நானும் ஒரு உம்மாதான். தூரம், விடுதி, பஸ் பயணம், வயது போகிறதே என்ற கவலை எல்லாம் உண்மையானவை. அவற்றைச் சின்னதாக்கிப் பேச நான் வரவில்லை. ஆனால் அந்தப் பயத்தை நாங்கள் பிள்ளையோடு உட்கார்ந்து பேச வேண்டும். நான் அன்று செய்தது போல, அந்தப் படிப்பையே மட்டமாகப் பேசிப் பயத்தை மூடிவிடக் கூடாது.

அந்த மாணவியைப் போன வருடம் ஒரு கலியாண வீட்டில் கண்டேன். இரண்டு பிள்ளைகளின் உம்மா. சந்தோஷமாக இருக்கிறாள். "கொரோனா நேரம் ரிவியில் அந்த ஆய்வுகூடத்தைக் காட்டும்போதெல்லாம் நான் சத்தத்தைக் கூட்டி வைப்பன் டீச்சர்" என்றாள். என்னைக் குறை சொல்லவில்லை. நான்தான், "அன்டைக்கு நான் சொன்னது பிழை பிள்ளை" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என் மகள் இப்ப ஆறாம் தரம் டீச்சர்" என்றாள்.

இந்த வருடம் பெறுபேறு வந்ததும் விண்ணப்பம் நிரப்புவதற்கு முன் கைந்நூலோடு என்னிடம் வாருங்கள். உம்மாவையும் வாப்பாவையும் கூட்டி வாருங்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒவ்வொரு பாடநெறியையும் சேர்ந்தே வாசிப்போம்.